எறும்பில்லை, வண்டு

புதன்கிழமை, இரவு.

எங்கள் ஊர் கோட்டுச்சேரி வயல் வரப்பில் எறும்புப் புற்றைத் தோண்டியபோது எறும்புகளோடு ஒரு சிறு பூச்சியும் கிடைத்தது. ஆய்வேட்டில் அதை வண்டு என்று எழுதியிருந்தேன். இன்று என் பேராசிரியர் பூச்சியைப் பார்க்காமலே, "புத்துல கெடந்தா எறும்புதாம்மா. அடிச்சிட்டு எழுதுங்க," என்றார்.

"எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும் சார். இதுக்கு முதுகு பூரா ஓடு. ஊசியால தூக்கினேன், உள்ள றெக்கை மடிஞ்சு கெடக்கு."

"எனக்கே பாடம் எடுக்கிறீங்களா? அப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஆய்வேட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"போடாதீங்க சார்."

மூன்று வருட உழைப்பு. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பேருந்தில் கோட்டுச்சேரி வரும்வரை அழுதுகொண்டேதான் வந்தேன். அதனால் என்ன? அந்த வரியை நான் அடிக்கவில்லை. அடிக்கவும் மாட்டேன்.