வீட்டில் வேறு யாருமில்லை

நவம்பர் 18

மின்விசிறியே தேவைப்படாத இந்த மழைக்குளிரிலும் காலையில் தலையணை பிழியும்படி நனைந்திருக்கிறதே, ஏன்? எனக்குத் தெரியவில்லை. பகலில் வியர்ப்பதில்லை, தூக்கத்தில் மட்டும். பத்து நாளாக. பள்ளியில் பக்கத்து மேசை ஷர்லி, "நாப்பத்தொம்பது ஆகுதுல்ல டீச்சர், எல்லாம் அந்த நேரந்தான்" என்றாள். இருக்கலாம். தைராய்டாகவும் இருக்கலாம், சர்க்கரையாகவும். விலங்கியல் நடத்துகிறவள் சோதிக்காமல் நம்புவதா?

நவம்பர் 24

தைராய்டு, சர்க்கரை இரண்டிலும் கோளாறு இல்லை. டாக்டர் விடவில்லை. இருமல்? உண்டு, ஒரு மாதமாக. சாக்பீஸ் தூசி என்று நினைத்தேன். எடை? ஜாக்கெட்டெல்லாம் தொளதொளக்கிறது. சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே எழுதினார். வீட்டில் யாருக்காவது காசநோய் வந்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அத்தனை நிச்சயமாக.

நவம்பர் 26

காசநோய்தான்.

அதைவிட — சுகாதார நிலையத்தில் பதிவு போடும் அன்புச்செல்வி கணினியைப் பார்த்துவிட்டு, "இதே அட்ரஸ்ல சோலையப்பன்னு ஒருத்தரு இருக்காரே. ஒங்களுக்குச் சொந்தமா, டீச்சர்?" என்றாள்.

என் கணவர்.

மார்ச்சில் மாத்திரை தொடங்கி, மே மாதம் நிறுத்திவிட்டிருக்கிறார். கூட இருப்பவர்களையும் சோதிக்க வேண்டும் என்றதற்கு, "வீட்டுல வேற யாருமில்லை, தனியாத்தான் இருக்கேன்" என்றாராம்.

என்னிடம் சத்து மாத்திரை என்றார். நான்தான் தினமும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிஸ்கட் வாங்கினாலும் உறையைப் படிக்கிற நான், அந்த அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஏன் பாக்கணும்? இருபத்தஞ்சு வருசம் கூட இருந்த மனுசன் —

சாயங்காலம் கேட்டேன். தலை நிமிரவில்லை. ஜெகதாப்பட்டினத்து ஐஸ் கம்பெனியில் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயமாம். இருமல் நின்றதும் குணமாகிவிட்டதென்று நினைத்தாராம். பிறகு மெதுவாக, "லீவு லெட்டர்ல தைராய்டுன்னு எழுதிரு. கலைமதிக்கு வரன் பாக்குற நேரம்" என்றார்.

வெளியூரில் இருக்கும் மகளைக் காட்டி என் வாயை அடைக்கிறார். ப்ளஸ் டூவில் நாற்பத்தொரு பெண்கள். ஒரு மாதமாக அவர்கள் முன்னால் நின்று இருமியிருக்கிறேன். அவங்களையும் யாருமில்லைன்னு எழுதிரலாமா?

நவம்பர் 27

மாத்திரை தொடங்கியாயிற்று. இரண்டு லீவு லெட்டர் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். நாளை எதைக் கொடுப்பேன்?

நவம்பர் 28

அவரே பைக்கில் கொண்டுவந்து விட்டார். கேட்டருகே நின்றுகொண்டார்.

மாஸ்க்கைக் கழற்றாமல், தலைமையாசிரியை புவனேஸ்வரியை வராந்தாவுக்கு அழைத்துக் கொடுத்தேன். காசநோய் என்று எழுதிய கடிதத்தை. படித்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். பிறகு சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தார். பிள்ளைகளைச் சோதிக்கத் திங்கட்கிழமை வருகிறார்கள்.

"சார் ஏன் அங்கிட்டே நிக்கிறாரு? உள்ள வரச் சொல்லுங்க" என்றார்.

"அவருக்குத்தான் மேடம் மொதல்ல வந்துச்சு. மருந்தைப் பாதியில விட்டுட்டாரு."

புவனேஸ்வரி கேட்டைத் திரும்பிப் பார்த்தார். அவரும் பார்த்தார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். நான் நடந்து வந்தேன்.