மூணாவது ரிங்

ஜூன் 8, 1999, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை. பீன்யா ஃபேக்டரி கேன்டீனில் இன்று என் சமையல், புளிசாதம். மேஸ்திரி உப்பு ஜாஸ்தி என்றான். “ஜாஸ்தின்னா ஏன்யா மூணாவது தட்டு?” என்றேன். ஓடிவிட்டான்.

என் ஸ்டெல்லா சண்டை நடக்கும் எல்லையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறாள், அடிபட்ட ஜவான்களைத் தூக்கி வர. அஞ்சாவதோடு நின்ற எனக்கு இப்படி ஒரு மகள். அடுத்த தெரு சாவித்திரி மகள் ரேகாவும் அங்கேதான், அதே வேலை. அங்கே போனுக்கு வரிசையாம், பேச முடியாது. அதனால் ஒரு ஏற்பாடு. சாயங்காலம் தரை இறங்கியதும் ரெண்டு ரிங் விட்டு கட் பண்ணினால் ஸ்டெல்லா. மூணு விட்டால் ரேகா. சாவித்திரி வீட்டில் போன் இல்லை, அஞ்சரைக்கே இங்கே ஆஜர்.

ஸ்டெல்லா அப்பா கோலார் சுரங்கத்தில் இறங்கிய காலத்தில் ஷிப்டு முடியும் சங்குக்குக் காது வைத்திருந்தேன். இப்போது இந்த ரிங்குக்கு.

இன்று ரெண்டு. அப்புறம் மூணு.

“ஆயித்து, முடிஞ்சுது மேரியக்கா, வந்துட்டாளுங்க” என்றாள் சாவித்திரி.

“உன் பொண்ணுக்கு மட்டும் ஒரு ரிங் கூட. மகாராணி!”

ஜூன் 10, வியாழன்

பார்சலுக்கு: எலுமிச்சை ஊறுகாய், கம்பளி சாக்ஸ் 4, முறுக்கு (பாதி உடைந்தது).

ஆறு மணிக்கு ரெண்டு ரிங். அதோடு சரி. ஏழாச்சு. சாவித்திரி முந்தானை நுனியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பாத்ரூம் போய் வந்தாள். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொய் வாயில் வந்துவிட்டது.

“நீ அந்தாண்ட போனதும் அடிச்சுதே! மூணு. உன்ன மாதிரியே லேட்டு.”

சிரித்தாள். போய் சேமியா பாயசம் வைத்து எனக்கும் ஒரு டம்ளர். குடித்தேன்.

ஜூன் 11, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் போன். ரெண்டு, மூணு, நாலு. நிற்கவில்லை. எடுத்தேன். ஸ்டெல்லா.

“அம்மா, நேத்து மத்தியானம் ரேகா ஹெலிகாப்டர் விழுந்துடுச்சி. விடியற வரைக்கும் பனியிலயே கெடந்திருக்கா. உயிர் இருக்கு. ரெண்டு காலும் எடுத்துட்டாங்க. ஆபீசர் வந்து சொல்றதுக்கு முன்ன நீ போய் அவங்ககிட்ட பக்குவமா சொல்லும்மா.”

போனேன். பக்குவம் எங்கே, சொன்னேன். சாவித்திரி அழவில்லை. விரலை மடக்கினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு.

“நேத்து அடிச்சுதுன்னீங்களேக்கா.”

பாயசப் பாத்திரம் அடுப்பு மேலேயே.

“அவ பனியில கெடந்தா. நான் பாயசத்த வழிச்சு நக்கினேன்.”



ஜூன் 12, சனி

மழை. சாவித்திரிக்குத் திங்கட்கிழமை டெல்லி ரயில். ஆஸ்பத்திரி அங்கே.

வரமாட்டாள் என்றிருந்தேன். அஞ்சரைக்கு வந்தாள். போன் பக்கத்தில் அதே ஸ்டூல். ஆறு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது, குடத்தோடு ஓடினேன். தகரக் கூரையில் மழைச் சத்தம், வேறொன்றும் கேட்கவில்லை. ரெண்டு குடம். திரும்பி வந்தேன்.

“அடிச்சுதா?”

“ரெண்டு” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.