வண்டி ஏழின் ஹீட்டர் ஃபேன்

செவ்வாய், தென்துருவப் பனிச்சாலை. வண்டி 7. ஓட்டுநர்: செங்கோடன், சங்ககிரி.

நாள் 1. காலை 7.10
புழுதிப் புயல். சாலை மூடிவிட்டது. என் வண்டியும், பின்னால் வந்த நாச்சிமுத்துவின் எட்டாம் வண்டியும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. மீட்பு வண்டி வர நான்கு நாளாகுமாம். அதுவரை பேட்டரி தாங்கினால் உயிர். இல்லையென்றால் கேபினுக்குள்ளேயே விறைத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்து ஹீட்டர் ஃபேனின் வேகப்பெட்டி கருகிவிட்டது. முழு வேகத்தில் மட்டும் ஓடுகிறது. சனியன், பேட்டரியைக் குடிக்கிறது.

நாள் 1. பகல் 1.30
வேகப்பெட்டியைக் கழற்றி வீசிவிட்டு, டிரில் மெஷினின் வேகக் குமிழை ஃபேனுக்கு மாட்டினேன். திருகினால் ஃபேன் பூனை மாதிரி முனகுகிறது. பேட்டரி செலவு பாதியாகிவிட்டது. சபாஷ்டா செங்கோடா!

சூடு மீறினால் ஹீட்டரை நிறுத்தும் ஃபியூஸ் அந்தப் பழைய பெட்டிக்குள்தான் இருந்தது. அந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி டைரக்ட் கொடுத்தாயிற்று. சங்ககிரிப் பட்டறையில் எவன் ஃபியூஸ் தேடி அலைந்தான்?

ஒரே தொல்லை: ஃபேனைக் குறைத்தால் ரேடியோவில் இரைச்சல் மட்டும்தான். முழு வேகத்தில் வைத்தால் தெளிவாகக் கேட்கிறது.

நாள் 1. மாலை 5.00
ஃபேனைக் கூட்டி ரேடியோ கேட்டேன். நாச்சிமுத்து:

"ஏனுங்ண்ணா, என்ற பேட்டரி பாதிக்குங் கீழ போயிருச்சுங்க. நானும் உங்க கேபினுக்கே வந்தர்றனுங்க. ரெண்டு பேத்துக்கும் ஒரு ஹீட்டரு போதுமுங்க."

நான்: "காத்து மெசினு ஒருத்தனுக்குத்தான்டா இழுக்கும். ரெண்டு பேரும் மூச்சு முட்டிச் சாகறதா? அங்கயே கெட."

அவன்: "செரிங்ண்ணா."

இவ்வளவு சாதுவாக எவன் ஒப்புக்கொள்வான்? எனக்கு நம்பிக்கையில்லை. ஃபேனைக் குறைத்து, ரேடியோவையும் அடைத்துவிட்டேன்.

நாள் 3. காலை 9.20
வருகிறான்! கையில் கடப்பாரை. கதவை உதைக்கிறான். ஹெல்மெட்டுக்குள் என்னமோ கத்துகிறான். ஃபேனைக் கூட்டினால் ரேடியோவில் கேட்கலாம். எதற்கு? என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியாதா?

கேபினுக்கு அடியில் நுழைந்துவிட்டான். ஹீட்டர் பெட்டியை நெம்புகிறான். என் ஹீட்டரை! திருட்டு நாயே, இருடா. விண்வெளி சூட் மாட்டியாயிற்று. வீல் ஸ்பானர் கையில்.

நாள் 3. காலை 9.55
முடிந்தது. காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டான். முதல் அடியில் ஹெல்மெட் கண்ணாடி விரிசல் விட்டது. தடுக்கக் கடப்பாரையைத் தூக்கினான். அது என் இடது கையுறையைக் கிழித்தது. அடுத்த அடியில் கண்ணாடி நொறுங்கியது. அதற்கப்புறமும் அடித்தேன். கை நிற்கவில்லை. வாயிலிருந்து கொப்பளித்த ரத்தம் அப்படியே உறைந்து நின்றது.

எப்படியோ உள்ளே வந்து விழுந்தேன். குளிரில் விரல்கள் கருத்துவிட்டன. கிழிந்த இந்த விண்வெளி சூட்டைப் போட்டுக்கொண்டு இனி வெளியே போக முடியாது. போகட்டும். ஹீட்டர் என்னிடம் இருக்கிறது.

நாள் 3. காலை 10.15
ரப்பர் தீயும் நாற்றம். காலடித் தகடு சிவக்கிறது. ஹீட்டர் சுவிட்சை அணைக்கப் பார்த்தேன். உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேட்டரி இணைப்பு வண்டிக்கு வெளியே.

காற்று வேகமாகப் பாய்ந்தால் சூடு தணியும் என்று ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். இனி இரைச்சல் இருக்காது. ரேடியோவைத் திறந்தேன். எட்டாம் வண்டி தானாகத் திரும்பத் திரும்ப ஒலிபரப்புகிறது:

"அண்ணா, சூடு காட்டற கேமராவுல உங்க ஹீட்டர் பொட்டி செக்கச் செவேல்னு தெரியுதுங்க. ஃபேனைக் கொறைக்காதீங்க! பக்கத்துலயே ஆக்சிஜன் டேங்குங்க. நான் கடப்பாரையோட வர்றனுங்க, பொட்டியப் பேத்து எறிஞ்சர்லாம். அப்பறம் ரெண்டு பேரும் என்ற கேபின்ல எப்படியாச்சும் சமாளிச்சுக்கலாமுங்க. பயந்துக்காதீங்க, நான் வந்தர்றனுங்க."

10.22
ஐயோ.

10.26
ஃபேன் இப்போது தீயை ஊதுகிறது. நிறுத்தினால் டேங்க் பக்கம் சூடு ஏறுகிறது. அவன் பாதி நெம்பிய பெட்டி அப்படியே தொங்குகிறது, கடப்பாரை வெளியே அவன் பக்கத்தில் கிடக்கிறது. இன்னும் ஒரே ஒரு நெம்பு போதும். நெம்பக் கையில்லை.

இதை எடுப்பவர்களுக்கு: கீழே கிடப்பவன் திருடனில்லை. நாச்சிமுத்து. கொன்றது நான். அவனைத் திருடன் என்று எழுதிவிடாதீர்க

10.29
மறுபடி சொல்கிறான். நான் வந்தர்றனுங்க.

வாடா நாச்சி. சீக்கிரம் வாடா. கதவு திறந்துதான்