சீட்டுக்குள் போன உன் குரல்

அன்பு மகன் லோகேஸ்வரனுக்கு அம்மா உமாதேவி எழுதுவது. முருகன் துணையால் நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். பெர்த்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பும் மனசும் தெம்பாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, பாதியில் புகுந்து, பேச்சை ப்ளேன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். இது நான் ஒருத்தியே ஆரம்பித்து நானே முடிக்க வேண்டிய விஷயம். பக்கத்து வீட்டு ஜெயாவின் மகள் ப்ரியா வியாழக்கிழமை அங்கே திரும்புகிறாள், அவளிடம் முறுக்கோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. லைன் வீட்டுப் பின்பக்கச் சாக்கடை நிறைந்து சமையல்கட்டு வாசல் வரை தண்ணீர் வந்துவிட்டது, எஸ்டேட் ஆபீஸ் கிராணியிடம் சொன்னதற்கு ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லியே ஒரு வாரம் ஓடிவிட்டது. பேக்டரியில் எனக்கு இன்னும் தேயிலைத் தூள் சலிக்கும் வேலைதான், அந்தச் சத்தத்தில் நின்று நின்று வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இருந்தால் தேவலை என்று இருக்கும். முன்பெல்லாம் அப்பா இருந்தார். லோரி ஓட்டுவதை விட்டபிறகு முட்டிவலியோடு மூலையில் உட்கார்ந்து கிடந்தாலும், நான் சொல்வதற்கு உம் கொட்டவாவது செய்வார். நீ அந்த ப்ளேன் விளையாட்டுச் சாமான் பெட்டிகளை அனுப்பினாயே, அன்றோடு அதுவும் போயிற்று.

கம்ப்யூட்டரில் ப்ளேன் ஓட்டுவதற்கு இத்தனை வேலை இருக்கும் என்று யார் கண்டார்கள்? கம்போங் ராஜா வொர்க்‌ஷாப்பில் கிடந்த பழைய லோரி சீட் ஒன்றை அப்பா தூக்கிக்கொண்டு வந்து பலகையில் போல்ட் போட்டார். நீ அனுப்பிய அந்த வட்டமான அதிர்வுச் சாமானைக் கோயில் மைக் செட் முனியாண்டி வந்து சீட்டுக்கு அடியில் இறுக்கி, ஆம்ப்ளிபையரில் இணைத்துக் கொடுத்தான். முதல் நாள் சத்தத்தைக் கூட்டி வைத்து இன்ஜின் போட்டதும் அலமாரியில் இருந்த கிளாஸ் எல்லாம் கலகலவென்று ஆட, ஜெயா சுவரைத் தட்டி, "என்னாக்கா, வூட்டுக்குள்ளயே லோரிய நிப்பாட்டி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். அப்புறம் முனியாண்டி பழைய டயரை வெட்டிப் பலகைக்கு அடியில் நாலு மூலையிலும் கொடுத்து, சத்தத்தைக் குறைத்து வைத்தான். "இன்ஜின் சத்தம் சீட்டுக்குப் போவணும், பேச்சு ஹெட்செட்டுக்குப் போவணும். ரெண்டும் ஒண்ணா கலந்துச்சின்னா ஒண்ணும் வெளங்காது லா" என்று அப்பாவுக்குக் கம்ப்யூட்டரில் எந்தச் சத்தத்துக்கு எந்தச் சாமானின் பெயரை வைக்க வேண்டும் என்று காட்டினான். நான் தேநீர்த் தட்டோடு பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதன்பிறகு ஞாயிறு மூன்று மணி என்றால் அப்பாவைப் பிடிக்க முடியாது. இரண்டு மணி நேரம் நீங்கள் இருவரும் வானத்தில் இருப்பீர்கள். உன் குரல் முழுவதும் அவர் காதுக்குள், எனக்குக் கிடைப்பது "ஆமாண்டா", "அப்பிடியா", "நீ புடி, நான் பாத்துக்கிறேன்" அவ்வளவுதான். ஒருநாள் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார், என்னாங்க என்று கேட்டேன், "ஒண்ணுமில்ல, ப்ளேன் விஷயம்" என்று கையை ஆட்டினார். முப்பது வருஷமாக எனக்குத் தெரியாத சிரிப்பு அது. என்னிடம் போனில் மழை பெய்கிறதா என்று கேட்பாய், மருந்து இருக்கிறதா என்று கேட்பாய், அதோடு சரி. பெற்றவள் பிள்ளையின் அப்பாமேல் பொறாமைப்படலாமா என்று கேட்டால் நான் என்ன சொல்ல. பட்டேன் லோகா. வீட்டைக் கூட்டும்போது அந்தச் சீட்டைத் துடைப்பத்தால் நாலு இடி இடித்துவிட்டுத்தான் நகர்வேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு அவர் மெதுவாக, "அம்மாவுக்குத் தெரிய வேணாம், எனக்குள்ளயே இருக்கட்டும்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வாரம் பொறுத்தேன். போன ஞாயிறு உன் குரல் கேட்கவில்லை என்று தடுமாறியதற்கு வயர் லூஸ் என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, வயரெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் செய்தேன். அவர் குளிக்கப் போயிருந்தபோது உன் பேச்சுக்குப் போட்டிருந்த ஹெட்செட் பெயரை மாற்றி ஆம்ப்ளிபையரை வைத்துவிட்டேன். கோயிலில் ஆம்ப்ளிபையர் வைத்தால் ஊருக்கே கேட்கிறதே, நீ அவரிடம் சொல்கிற ரகசியம் அறை முழுக்கக் கேட்கட்டும் என்று நினைத்தேன். நம் வீட்டு ஆம்ப்ளிபையரில் சீட்டை அதிர வைக்கும் சாமான் மட்டும்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் வந்து உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கூப்பிட்டார். காதில் ஒன்றும் இல்லை. மறுபடி கூப்பிட்டார். ப்ளேன் இன்னும் நின்ற இடத்தில்தான் நின்றது, இன்ஜினே போடவில்லை, ஆனால் சீட் மட்டும் விட்டு விட்டு அதிர்ந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய். "லோகா, போன வாரம் நான் வண்டிய எடுடான்னு சொன்னது தப்புதான்டா, கோச்சிக்காதடா, பேசுடா" என்று திரும்பத் திரும்பக் கெஞ்சினார். நீ கோபத்தில் வாயை மூடிக்கொண்டாய் என்று நினைத்துவிட்டார். நான் பின்னால் போய் சீட்டின் முதுகில் கையை வைத்தேன். அவர் கேட்டு முடித்ததும் அதிர்கிறது, அவர் பேசும்போது நிற்கிறது, திரும்பக் கேட்டால் திரும்ப அதிர்கிறது. அது நீ பதில் சொல்வது என்று எனக்குப் பட்டென்று விளங்கியது. என்ன சொல்கிறாய் என்று ஒரு சொல்லும் தெரியவில்லை, ஆனால் என் உள்ளங்கையில் நீ பேசிக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே மனசு வரவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் அவர் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்து, "அவன் பேசிக்கிட்டுத்தாங்க இருக்கான், நான்தான் மாத்தி வெச்சிட்டேன்" என்று சொன்னேன்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் உன்னிடம் வயரைப் பற்றிச் சொல்லி அனுப்பிவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். சிக்னலில் உன் காரை ஒருவன் பக்கவாட்டில் இடித்ததும், தோளில் அடிபட்டதும், அதிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கி நீ மூன்று மாதமாகப் பஸ்ஸில் வேலைக்குப் போவதும். என்னிடம் கார் வொர்க்‌ஷாப்பில் இருக்கிறது என்றாய். அம்மா அழுவாங்க என்று அவரிடம் சொன்னாயாம். அழத்தான் செய்தேன், தண்ணீர்த் தொட்டி ஓரம் போய் நின்று அழுதேன், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மிச்சத்தையும் கேட்டேன். உனக்கு இரண்டு வயதில் ரிங்லெட் வளைவில் அவருடைய லோரி சாய்ந்ததே, பிரேக் கோளாறு, ஒன்றுமில்லை என்று என்னிடம் சொன்னவர், அதற்குப் பிறகு ஒரு மாதம் நல்லுசாமி அண்ணன்தான் ஓட்டினாராம், இவர் பக்கத்தில் உட்கார்ந்து போய் வந்தாராம். தினமும் நான் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினேன், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருஷம் கழித்து அதை உன்னிடம் சொல்லியிருக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், "நீ மூஞ்சியப் பாப்ப உமா. அந்தச் சீட்ல ஒக்காந்தா ரெண்டு பேரும் முன்னாடி ரோட்டப் பாத்த மாரி பேசலாம்" என்கிறார். நீங்கள் இருவரும் ப்ளேன் மட்டும் ஓட்டவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

புரிந்ததால் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. அது அப்படியே இருக்கிறது. ஆனால் ஹெட்செட்டை நானே பழைய பெயருக்கு மாற்றி வைத்துவிட்டேன், இனி ஞாயிறு மூன்று மணிக்கு ஜெயா வீட்டுக்குப் போய்விடுவேன், நீங்கள் மனம்விட்டுப் பேசுங்கள். தோளுக்கு அனுப்பியிருக்கும் தைலத்தைச் சூடாக்கித் தேய், ராத்திரி ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்குத் தனியாக நிற்காதே, கூட வேலை செய்பவர்களோடு வா. காரை எப்போது எடுப்பாய் என்று நானும் கேட்க மாட்டேன், அவரையும் கேட்கவிட மாட்டேன்.

முருகன் உன் கைக்கும் மனசுக்கும் பலம் கொடுக்கட்டும், நீ எந்த ஊரில் இருந்தாலும் நல்லபடி இருப்பாய். ஒன்றே ஒன்று மறக்காதே. என்றைக்காவது சாவியைப் போட்டுத் தெருமுனை வரைக்குமாவது ஓட்டிவிட்டாய் என்றால், வண்டியை நிறுத்திய கையோடு எனக்குப் போன் போடு. அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னைப் பெற்றவள்,
நா. உமாதேவி