நீ வரைந்த கிணறு

ஆம்பூர்,
16 மார்ச் 2009

அன்புள்ள மகன் ஜெஃப்ரிக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மற்றதைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, அப்பாவும் கூடத்தில்தான் இருக்கிறார். அவர் எடுத்தால் நீ "அம்மாகிட்ட குடுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதனால் ஷூ கம்பெனி கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் எண்ணெய்க் கறை தெரிந்தால் பயப்படாதே, மாங்காய் ஊறுகாய்தான்.

ஒசாகாவில் குளிர் குறைந்ததா? பச்சை மீன் தின்கிறாயாம், பக்கத்து வீட்டு வஜீதா சொல்லிச் சிரித்தாள். சட்டியும் அடுப்பும் எதற்குக் கண்டுபிடித்தார்கள் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டதாகச் சொல்.

நீ அனுப்பிய சி.டி. பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. என் மகன் ஜப்பானில் கார்ட்டூன் வரைகிறான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறேன். போட்டுப் பார்த்தால் அதில் ஒரு ஆளைக்கூட நீ வரையவில்லை, ஆட்களுக்குப் பின்னால் இருக்கிற சுவரும் மரமும் வானமும்தான் உன் வேலையாம். இருக்கட்டும், சுவர் நன்றாகவே இருக்கிறது.

வஜீதா கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துத் தமிழில் சொன்னாள். இது நீயும் வசந்தும் சின்ன வயதில் அவன் அப்பா ரத்தினசாமி அண்ணன் வீட்டு டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பார்ப்பீர்களே, அதே இரும்புப் பையன் கதையாம். நம் வீட்டில் அப்போது டி.வி. ஏது? அவர்கள் வீட்டு டி.வி. என்பதால் வசந்த்தான் எப்போதும் இரும்புப் பையன், நீ எப்போதும் பூதம். உதை வாங்கிக்கொண்டு வருவாய். அந்தக் கதையில் அவன் எல்லாரையும் காப்பாற்றுவான். இப்போது புதிதாக எடுத்ததில் என்னடா இது, உலகமே செத்துக் கிடக்கிறது! யஜமான் சொன்னான் என்று உலகத்துக்கு உயிர் கொடுத்த ஊற்றை இவனே உடைத்துவிட்டானாம். அதிலிருந்து எல்லாரும் துருப்பிடித்துச் சாகிறார்கள், இவனுக்கு மட்டும் சாவு வரவில்லை. என்ன செய்தோம் என்பதும் இவனுக்கு ஞாபகம் இல்லையாம். ஊர் ஊராகப் போகிறான், கல்லடி படுகிறான், சாகிறவர்கள் பக்கத்தில் போய் உட்காருகிறான். பிள்ளைகள் பார்க்கிற படமா இது என்று கேட்டேன். அப்பா மட்டும் வாய் திறந்தார்.

"ஞாபகம் இல்லாம போனது அவனுக்கு எவ்ளோ சௌகரியம்" என்றார்.

மூன்றாவது பாகத்தில் அந்தக் கிணறு வந்தது. கதையை ஜப்பான்காரர்கள் எழுதினார்கள் என்பாய், சரி. அந்தக் கிணற்றை யார் எழுதினார்கள்? ஒரு பக்கம் இடிந்த சுவர், நீலக் கதவு போட்ட மோட்டார் ரூம், தலை போன இரண்டு தென்னை மரம். அது ரத்தினசாமி அண்ணன் கிணறு என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வஜீதா சின்னப் பெண், ஒன்றும் தெரியாமல், "அங்கிள், நம்ம ரத்தினசாமி அங்கிள் கெணறு மாதிரியே இல்ல?" என்றாள். அப்பா படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நாளைக்கு வேலூர் போய் ரத்தினசாமியைப் பார்க்கிறேன் என்றார்.

அண்ணனுக்கு வயிற்றில் கட்டி. வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தண்ணீரால் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நீ பிளஸ் டூ படிக்கும்போது அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய், தோல் பதனிடும் ஷாப்பில் மழையோடு மழையாக அவர் வால்வைத் திறந்து கழிவுத் தண்ணீரைக் கால்வாயில் விட்டதைப் பார்த்தாய். அந்தக் கால்வாய் அண்ணன் நிலத்துக்குப் பின்னால் போகிறது. கிணறு உப்பாகி, டீ நிறத்துக்கு மாறி, தென்னை தலை சாய்ந்தது. சேதத்தைப் பார்க்க அதிகாரிகள் வந்தபோது, ஷாப்பிலிருந்து நிலம் தூரம், அங்கே தண்ணீர் வர வழியில்லை என்று நஷ்டஈட்டுப் பட்டியலில் அண்ணனை விட்டுவிட்டார்கள். வழி அப்பாவுக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை என்று நீ அவரோடு பேச்சை நிறுத்தினாய்.

அவர் அன்றைக்குச் சொல்லத்தான் கிளம்பினார் ஜெஃப்ரி. சட்டை போட்டுக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டார். குறுக்கே நின்றது நான். வேலை போனால் பையன் காலேஜுக்கு உங்க அப்பனா கட்டுவான் என்று கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நீ படித்தாய். வசந்த் படிப்பை விட்டுவிட்டு இந்தக் கம்பெனிக்கு வந்தான். இன்றைக்கும் என் லைனில்தான், எனக்கு இரண்டு மெஷின் தள்ளி உட்கார்ந்து ஷூவின் மேல்பகுதி, அப்பர் தைக்கிறான். நீ கோபித்துக்கொண்டது அவர் ஒருவரை. நான் அனுப்பிய முறுக்கை மட்டும் வாங்கித் தின்றுகொண்டிருந்தாய். அது நியாயமில்லை என்று தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டேன், உன் குரலாவது எனக்குக் கிடைக்கிறதே என்று.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. அப்பா வேலூர் போகிறேன் என்றதும் எனக்குப் பயம் பிடித்தது. சாகப் போகிற மனுஷனிடம் போய் உங்கள் பாரத்தை இறக்கிவைக்கப் போகிறீர்களா என்று வாதாடினேன். வசந்த் முகத்தில் நான் தினமும் முழிக்க வேண்டும் என்று அழுதேன். எதற்கும் அவர் மசியவில்லை. கடைசியில், அந்த வார்டில் பார்வையாளர் யாரையும் விடுவதில்லையாம், அண்ணனுக்குத் துணைக்கு இருக்கிற வசந்தின் அம்மா அன்னம்மாள் அக்கா சொன்னார்கள் என்றேன். அக்கா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பொய்யை அவர் அப்படியே நம்பினார். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும், இப்போது விடுகிறார்களா என்று கேட்பார். இன்னும் இல்லை என்பேன். சாமி கும்பிட்டுவிட்டு வந்த வாயால்தான் சொன்னேன்.

ஒரு நாள் வஜீதாவின் அம்மா முனவ்வர் பேகம் பணியாரம் கொண்டுவந்தவர், வேலூர் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். நன்றாகப் பேசினாராம், யார் வேண்டுமானாலும் சாயங்காலம் போகலாமாம். அப்பா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். இந்தத் தடவை நான் குறுக்கே நிற்கவில்லை.

திரும்பி வந்து ஒரே வார்த்தைதான் சொன்னார். "மொகத்தத் திருப்பிக்கினாரு." அதற்குப் பிறகு நான் வைத்த சோற்றைக் கை அலம்பாமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் அண்ணன் கர்த்தருக்குள் போய்விட்டார். அடக்கத்துக்குப் போனோம். அப்பா கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். வசந்த் அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. மறுவாரம் வேலைக்கு வந்தவன் எனக்கு வழக்கமாகச் சொல்லும் வணக்கத்தைச் சொல்லவில்லை. நூல் அறுந்தால் மட்டும் நூல்கண்டைக் கேட்கிறான். அவனை நான் எந்த முகத்தோடு குறை சொல்ல?

நேற்று அன்னம்மாள் அக்காவைப் பார்க்கப் போனேன். உள்ளே விடமாட்டார்கள் என்று நினைத்தேன். விட்டார்கள், உட்காரத்தான் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டேன். அப்பா எல்லாவற்றையும் சொல்லும்வரை அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தாராம். எத்தனை தடவை திறந்தாய் என்று மட்டும் கேட்டாராம். மழை பெய்தபோதெல்லாம் என்றாராம் அப்பா. அப்புறம்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாராம். அப்பா போன பிறகு அன்றைக்கு ராத்திரியெல்லாம் இருக்கிற மூச்சை எல்லாம் வைத்து அவரைச் சபித்தாராம். மறுநாள் கொஞ்சம் அடங்கிப் படுத்திருந்தவர், இருட்டுகிற நேரத்தில் அக்காவைக் கூப்பிட்டு, அப்பா பேரைச் சொல்லி, "நத்தானியேலு வெளிய நிக்கிறானா பாரு" என்றாராம். அக்கா எழுந்து போய் வராந்தாவைப் பார்த்துவிட்டு வந்து, இல்லை என்றார்களாம். எதற்குக் கேட்டார் என்று அக்காவுக்கும் தெரியவில்லை. இன்னும் திட்டுவதற்காகவும் இருக்கலாம்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. மனுஷனுக்குக் கோபப்படவும் நாள் வேண்டும், ஆறவும் நாள் வேண்டும். அண்ணனுக்குக் கோபப்பட ஒரு நாள் கிடைத்தது. ஆறுவதற்கு இருந்த நாட்களை என் பொய் தின்றுவிட்டது. இதை நினைத்துக்கொண்டே மெஷின் மிதித்ததில் இன்றைக்குக் காலையிலேயே இரண்டு தடவை ஊசி விரலில் ஏறியது.

அப்பா இந்த லெந்து தபசு நாட்களிலும் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. கிணறு கெட்ட வருஷத்திலிருந்தே அவர் போவதில்லை, அது உனக்குத் தெரியுமோ என்னவோ. பக்கத்தில் அண்ணன் முழங்காலில் நிற்கும்போது எப்படிப் போய் நிற்பது என்பார். இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது, இப்போதும் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் அவரைக் கேட்ட விஷயத்தை இன்னும் நான் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போகிறேன். என்ன ஆனாலும் சரி, இனி மறைக்க என்னிடம் தெம்பு இல்லை.

சாயங்காலமானால் வஜீதாவைக் கூப்பிட்டு அந்தப் படத்தைத்தான் போடச் சொல்கிறார். கடைசியில் அந்த இரும்புப் பையனை என்ன செய்வார்கள் என்று அவளைக் கேட்கிறார். அவளுக்கு எப்படித் தெரியும்? இன்னும் பாதிக் கதைதானே வந்திருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கும். அதைச் சொல் என்று நான் கேட்கவில்லை. கதை உன் கையில் இல்லை, சுவரும் மரமும்தான் உன் கையில் என்று எனக்குப் புரிகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கிணறு இன்னொரு தடவை வந்தால், அடியில் ஒரு சாண் தண்ணீர் வரைந்து வை. டீ நிறத்தில் வேண்டாம், நல்ல தண்ணீராக வரை. கதைக்கு ஒத்துவராது என்று உன் மேலே இருக்கிறவர்கள் சொன்னால் விட்டுவிடு, வேலைக்குக் கேடு வரவைத்துக்கொள்ளாதே. ஆனால் வரைந்துவிட்டால் அதை எனக்குச் சொல்லாதே. போன் போடு, அப்பா எடுப்பார். "அம்மாகிட்ட குடுங்க" என்று சொல்லாமல் அவரிடமே சொல்.

உன் கைகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. வேளைக்குச் சாப்பிடு. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வெளியே போ.

என்றும் உனக்காக ஜெபிக்கும்,
அம்மா ஜெயபுஷ்பம்