பெயர் கேட்டு நீ அனுப்பிய கோரை

சிங்காநல்லூர்,
நவம்பர் 9, ஞாயிறு

அன்பு மகள் கரோலினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூவரும் சுகம், அங்கே நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். ராஞ்சியில் குளிர் தொடங்கியிருக்கும், வெறுங்காலோடு கோயிலில் நிற்காதே. அப்பா பட்டறைக்கு ஒழுங்காகப் போய் வருகிறார். ஃபெமினா நன்றாகப் படிக்கிறாள்.

இப்படித் தொடங்கும் கடிதம் ஒன்றை அப்பா பார்த்துச் சரி சொல்லி, பைபிளுக்குள் மடித்து வைத்திருக்கிறார் அக்கா, நாளைக் காலையில் அவரே அதைத் தபாலில் போடுவார். இது வேறு தாள், வேறு கடிதம், ஃபெமினா எழுதுவது. உனக்கு வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அதே வரிகளை எழுதிவிட்டேன். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவதுதான் எப்போதும் நம் வீட்டுக் கடிதம், அதனால் கையெழுத்தைப் பார்த்து உனக்குச் சந்தேகம் வந்திருக்காது. ஆனால் ஆகஸ்ட் கடைசியில் வந்ததையும் செப்டம்பரில் வந்ததையும் அம்மா சொல்லவில்லை. நானே யோசித்து அம்மா மாதிரி எழுதினேன். அம்மாவுக்கு ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி பக்கவாதம் வந்தது அக்கா. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஒரு தடவை வந்தது. இன்னொன்று வந்தால் தாங்காது, வர வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார், நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா சரிங்க சரிங்க என்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, மாசக் கடிதம் எழுத நாளாச்சே அம்மணி என்றார்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அன்றைக்கு அம்மா வழக்கம்போல விடியும் முன்னே காளியாத்தா அக்காவோடு குளத்துக்குப் புல் அறுக்கப் போனார்கள். இரண்டு கட்டு அறுத்துப்போட்டு, கட்டுவதற்குக் கோரையைத் திரித்துக்கொண்டு இருந்தபோது அம்மாவின் கையில் திரி நிற்கவில்லையாம், திரிக்கத் திரிக்கப் பிரிந்துகொண்டே இருந்ததாம். காளியாத்தா அக்கா அதைப் பார்த்து, என்னுங்க விமலா, புதுசா வந்த மருமவளாட்ட கயிறு திரிக்கத் தெரியாம நிக்கறீங்க என்று கேலி பண்ணியிருக்கிறார். அம்மா திரும்பிப் பார்த்து உன் பெயரைச் சொன்னார்களாம், வேறொன்றும் சொல்லவில்லையாம். அவ வடக்க இருக்கறாளேங்க, அவள எதுக்கு இப்பக் கூப்புடறீங்க என்று இவரும் சிரித்திருக்கிறார். அம்மா வாய் கோணியதும்தான் பயம் வந்திருக்கிறது. அப்போதும் வெறும் வயிற்று மயக்கம் என்று நினைத்து, வேலமரத்து நிழலில் உட்கார வைத்துவிட்டு, பால் கறக்கும் நேரத்துக்கு மாடு காத்திருக்குமே என்று இரண்டு கட்டையும் ஒண்டிப்புதூர் பால்காரர் வீட்டில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. எந்த மழையிலும் மாட்டைக் காக்க வைக்காத ஆட்கள் அவர்கள் இரண்டு பேரும், அம்மாவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். காளியாத்தா அக்கா தினமும் வந்து அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, மாட்டுக்குப் பாத்தனே, இவளுக்குப் பாக்கலியே என்று அழுகிறார். நீ அவர் மேல் கோபப்படாதே.

உன்னிடம் ஏன் மறைத்தோம் என்று கேட்பாய். அப்பாதான் சொன்னார். டிசம்பர் எட்டாம் தேதி கரோலின் முதல் வார்த்தைப்பாடு குடுக்கப் போறா, இப்ப இதைச் சொன்னா ஓடி வந்துருவா, வந்தா அம்மாவை உட்டுப்போட்டுத் திரும்பிப் போக மாட்டா, கடவுளுக்குக் குடுத்த பிள்ளையை நாம பாதியில புடுங்கக் கூடாது, எட்டாந்தேதி முடியட்டும், நானே கூட்டீட்டு வாரேன் என்றார். எனக்குப் பொய் எழுதப் பயமாக இருந்தது. நவகன்னியர் மடத்தில் பயிற்சியில் இருக்கிறவர்களுக்குப் போன் பேச அனுமதி கிடையாது, கடிதம் நின்றால் உனக்குத் தெரிந்துவிடும் என்று என்னை எழுத வைத்தார். பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன், அவர் அப்பாவிடம் பேசினார், அப்பா அவரிடமும் எட்டாம் தேதியையே சொன்னார். அப்பா கெட்டவர் இல்லை அக்கா. அம்மாவின் துணிகளை அவரே துவைக்கிறார், மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்று பொழுது போனபின் துவைக்கிறார். துவைத்துக்கொண்டே ஜெபமாலை சொல்கிறார், பாதியில் குரல் நின்றுவிடும், தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்கும்.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் மடத்துக் குளத்திலிருந்து ஒரு புல்லோ கோரையோ காய வைத்து அனுப்பி, இதை நம்ம ஊரில் என்னவென்று சொல்வோம் அம்மா என்று கேட்பாய் இல்லையா, அதுதான் என்னை மாட்டிவிட்டது. மற்றதெல்லாம் சமாளித்துவிட்டேன். மழை, பஸ், தெருவில் நடக்கும் அன்பிய ஜெபக் கூட்டம் எல்லாம் எழுதினேன். ஆகஸ்டில் நீ அனுப்பியதைப் போனில் படம் எடுத்துத் தேடி, இது சம்பு, இதற்கு யானைக்கோரை என்றும் பெயர், நீர்நிலைகளில் வளரும் என்று எழுதினேன். செப்டம்பரில் நீர்முள்ளிக்கும் அப்படியே எழுதினேன். அக்டோபரில் உன் பதில் வந்தது. பேரெல்லாம் சரிதான் அம்மா, ஆனா நீங்க இதுவரைக்கும் ஒரு செடியையாவது திட்டாமப் பேர் சொல்லியிருக்கீங்களா, உடம்புக்கு என்ன என்று கேட்டிருந்தாய்.  உண்மைதான். ஒட்டுப்புல்லுக்கு அம்மா, பாவாடையப் புடிச்சா உடாது, எங்க மாமியாராட்ட என்று சொன்னதும், யானைக்கோரையை எந்த யானை வந்து தின்னுச்சு, ஒசரமா ஒண்ணு நின்னா உடனே யானைன்னு பேர் வெச்சுப்போடறாங்க என்று சொன்னதும், வெங்காயத்தாமரையைப் பார்த்து, வெங்காயமுமில்ல தாமரையுமில்ல, ரெண்டு பேரையும் திருடி வெச்சுக்கிட்டுக் குளத்தையும் திருடுது என்று சொன்னதும் எனக்குத் தெரியாதா. நானே எழுதியவள்தானே. ஆனால் அம்மா இல்லாமல் அந்தப் பேச்சு எனக்கு வரவில்லை. பெயர் வந்தது, அந்தப் பெயர் ஏன் என்பது வரவில்லை. ஒரு வரி முயற்சி பண்ணிப் பார்த்தேன், அது அம்மா பேசுவது போலவும் இல்லை, நான் பேசுவது போலவும் இல்லை, அடித்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தோடு நீ ஒரு கோரைத் தண்டு அனுப்பியிருந்தாய், தண்ணியில ஊறப்போட்டு வழக்கம்போல விரலில் உருட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று. அப்பா படித்துவிட்டு, சளி புடிச்சிருந்துச்சு, இப்பப் பரவாயில்லேன்னு எழுதீரு, கோரைன்னு மட்டும் எழுதீரு என்றார். நான் அவருக்குத் தெரியாமல் ஒரு டம்ளரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் அப்பா பட்டறைக்குப் போனதும் அம்மாவின் இடது கையில் கொடுத்தேன். முதலில் சும்மா பிடித்திருந்தார்கள். அப்புறம் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மெதுவாக நகர்ந்தன, உருட்டினார்கள். தண்டு உருளாமல் பட்டை பட்டையாகத் தட்டியது, மூன்று விளிம்பு. அம்மாவின் முகம் மாறியது அக்கா. புல்கட்டுக்குள் அம்மா கண்ணாடிவிரியனைப் பார்த்துவிட்டு நம்மைத் தள்ளி நிறுத்தின அன்றைக்கு இருந்ததே, அந்த முகம், எல்லாம் தெரிந்த முகம். என்ன கோரை, ஏன் மாடு அதை ஒதுக்கும், எந்த மாதம் அறுக்க வேண்டும் எல்லாம் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்கள். கரோலின் என்றார்கள்.

நான் இல்லம்மா, இது கோரைங்கம்மா என்றேன். அம்மா தலையை ஆட்டி, நான் தப்பாகச் சொன்னதுபோலக் கோபமாகத் தண்டைத் தூக்கிக் காட்டி மறுபடியும் கரோலின் என்றார்கள். திரும்பத் திரும்பச் சொல்லி, அதுதான் வருகிறது என்று அவர்களுக்கே கேட்டபோது தண்டைப் போர்வைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் அதுதான் அக்கா. தண்ணீர் வேண்டுமென்றாலும் கரோலின், வெளிச்சத்தை அணைக்கச் சொன்னாலும் கரோலின், வலித்தாலும் அதுதான். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரம்ஷா அக்கா படம் போட்ட அட்டைகளைக் காட்டுவார். குடை, பசு, சாவி எல்லாம் கரோலின். சில பேருக்கு இப்படித்தான் ஒரே ஒரு சொல் மிஞ்சும் கண்ணு, அவங்களுக்கு உள்ள எல்லாம் தெரியும், வாய்க்கு வழி இல்ல, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடாத என்று அவர் எனக்குச் சொன்னார். அப்பா அப்படி நினைக்கவில்லை. பாத்தியா, எந்நேரமும் அவளை ஜெபத்துல வெச்சிருக்கா என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

அப்பாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். நீ மடத்துக்குப் போன அன்றைக்கு ஸ்டேஷனில் அம்மா சிரித்துக்கொண்டே கை காட்டினார்கள் இல்லையா. திரும்பி வரும்போது காந்திபுரத்தில் பஸ் மாறும் இடத்தில், அப்பா டீ வாங்கப் போனதும், சாமிக்கு என்ன கொறச்சல், எம்பிள்ளைதான் வேணுமாக்கும் என்று என்னிடம் சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அப்பா வந்ததும் டீயில சக்கரை பத்தல என்றார்கள். இதை உன்னைப் பிடித்து இழுப்பதற்காக எழுதவில்லை. நீ சிஸ்டர் ஆவதில் எனக்கும் பெருமைதான், வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீ அங்கே முழங்காலில் நின்று வாழ்க்கை முழுவதையும் கொடுக்கிற நேரத்தில் உனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தால், அப்புறம் தெரிந்தால், நீ எங்களை மன்னிப்பாய், எனக்குத் தெரியும். உன்னையே மன்னிக்க மாட்டாய்.

நம் கடிதங்களைத் தமிழ் தெரிந்த சிஸ்டர் ஒருவர் முதலில் வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று சொல்லியிருக்கிறாய். சிஸ்டர், இதை வாசிப்பது நீங்களாக இருந்தால், இதை எட்டாம் தேதி வரைக்கும் மேசை இழுப்பறையில் வைத்துவிடாதீர்கள். அப்பாவுக்குப் போன் பண்ணிக் கேட்டால் அவர் கும்பிட்டுக்கொண்டே எல்லாம் சுகம் என்பார். அவரை நம்பாதீர்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. என் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், அது போதும். அவள் என்ன முடிவு எடுத்தாலும் பரவாயில்லை.

அக்கா, நாளை பள்ளிக்குப் போகும் வழியில் இதை ஸ்பீடு போஸ்டில் போடுவேன். அப்பாவின் கடிதம் இதற்கு அப்புறம்தான் வந்து சேரும், அதில் அம்மாவுக்குச் சளி சரியாகிவிட்டது என்று இருக்கும். நான் எழுதியதுதான், நம்பாதே. அப்பாவுக்கும் ஒரு நாள் இது தெரிந்துவிடும். அவர் அடிக்க மாட்டார், என்னோடு பேசாமல் இருந்துவிடுவார். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் பேசுவதில்லை. நீ வந்தால் மூன்று நாள் இரு, ஒரு நாள் இரு, பார்த்துவிட்டுத் திரும்பிப் போ, நானே உன்னை ரயிலேற்றுகிறேன், அழ மாட்டேன். வரும் வழியில் ரயிலில் தண்ணீரைப் பார்த்துக் குடி, உனக்கு உடனே தொண்டை கட்டும். வந்ததும் அம்மாவுக்கு இடது பக்கமாகப் போய் உட்கார், வலது பக்கம் நிற்பவர்களை அம்மாவுக்குச் சரியாகத் தெரிவதில்லை. நான் யாருன்னு தெரியுதா என்று மட்டும் கேட்காதே. வருகிற எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், அம்மா கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

கடைசியில் அம்மா சொல்லும் ஆசீர்வாதத்தை நான் எழுதக் கூடாது, அதற்கு நான் சின்னவள். அந்தக் கடிதங்களில் எழுதிவிட்டேன், அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு. இப்போது உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்கள். தண்ணீராக இருக்கும், இல்லாவிட்டால் திரும்பிப் படுக்க வேண்டும் என்பதாக இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை உன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் நான்தான் எழுந்து போகிறேன். டம்ளரை நீட்டுகிறேன், போர்வையைச் சரி பண்ணுகிறேன், சில நேரம் இரண்டையும் தள்ளிவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்கள். அதில் எந்தத் தடவை உண்மையிலேயே உன்னைக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா.

உன் தங்கை,
ஃபெமினா