படுத்தே கிட என்று நான் சொன்னது

சிவகாமிக்கு,

முறிந்த காலின் கட்டைப் பிரித்ததும் விருத்தாசலத்து டாக்டர் உன்னை நடக்கச் சொன்னார். அவருக்கு விவரம் போதாது என்று நான்தான் உன்னைக் கட்டிலோடு கிடக்கச் சொல்லிவிட்டு குஜராத்துக்கு வந்தேன். அது தப்பு. கால் இப்போது எப்படி இருக்கிறது?

எங்கள் டைல்ஸ் கம்பெனி மேனேஜர் நம் பக்கத்துக்காரர். அவர் மகள் பூர்ணிமா கம்ப்யூட்டரில் ஒரு பாட விளையாட்டைக் காட்டினாள். விண்வெளிக்குப் போகிறவனை உடம்பு கெடாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நான் அவனுக்கு நல்ல சாப்பாடு கொடுத்துப் படுக்கவைத்தேன்.

"தாத்தா, எக்சர்சைஸ் குடுங்க! அங்க எடையே கெடையாது, எலும்பு தேஞ்சிடும். இங்க படுத்தே கெடந்தாலும் அப்படித்தான்."

"போம்மா, நான் பாக்காத ஒடம்பா?"

அவன் தரையிறங்கி எழுந்து நின்றதும் கால் முறிந்துவிட்டது. "நீங்கதான் தாத்தா ஒடச்சீங்க" என்று அவள் சிரித்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனாலும் வீட்டில் ஒருத்தராவது என்னை எதிர்த்துப் பேசியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

நம் மகன் விமல்ராஜ் நாளைக்கே உன்னை டாக்டரிடம் கூட்டிப்போகட்டும். எனக்காக அவரிடம் மன்னிப்பும் கேட்கட்டும். மருமகள் தேவி தினமும் கையைப் பிடித்து உன்னை நடத்தட்டும். கொஞ்சம் தேறியதும் நீ தெருமுனை எஸ்.டி.டி. பூத் வரை நடந்து போய் எனக்குப் போன் போடு. திட்டுவதை நின்றுகொண்டே திட்டு.

மாரிமுத்து